அத்தை தெரிந்துகொள்ள மறுத்த நட்சத்திரம்

என் வேலையைப் பற்றி யாராவது விசாரித்தால் அம்மா சொல்லும் பதில் இதுதான்: "போன்ல எதையாச்சும் படிக்கப் போனா குறுக்க ஒரு பொட்டி வந்து நிக்குமே, அதச் செய்றவ." கேட்பவர்கள் என்னை ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். அந்தப் பெட்டியைத் திட்டாத ஆள் உலகத்தில் இல்லை. திட்டுவதற்கு ஒரு முகம் கிடைத்த நிம்மதி அவர்களுக்கு.

உண்மையில் என் வேலை அது மட்டுமல்ல. புக்கிட் பெருந்துங்கில் இயந்திரங்களுக்கான ரப்பர் வளையங்கள் செய்யும் தொழிற்சாலையில் நான் அலுவலக ஊழியர். சரக்கு அனுப்பும் தாள்கள், வாடிக்கையாளர் மின்னஞ்சல்கள், யாரும் தொட விரும்பாத எல்லாமே என் மேசைக்கு வரும். எங்களிடம் சரக்கு வாங்குகிற வெளிநாட்டு நிறுவனம் ஒருநாள் எழுதியது: உங்கள் இணையத்தளம் குக்கீ போடுகிறது, வருகிறவர்களிடம் சம்மதம் கேட்பதில்லை, உடனே சரிசெய்யுங்கள். குக்கீ என்பது வேறொன்றுமில்லை. நம் தளத்துக்கு வந்துபோகிறவரின் கணினியில் நாம் போட்டுவைக்கும் சின்ன அடையாளம். அடுத்த முறை வரும்போது இன்னார்தான் என்று கண்டுகொள்ளலாம். அந்த அடையாளத்தை வேறு ஆட்களுக்குக் கைமாற்றியும் விடலாம். வம்பு அங்கேதான் தொடங்குகிறது.

பெட்டியை நான்தான் அமைத்தேன். எங்கள் மேலாளர் வந்து பார்த்துவிட்டு, 'ஏற்கிறேன்' என்பதைப் பெரிதாகப் பச்சையில் போடு, 'மறுக்கிறேன்' என்பதைச் சாம்பல் நிறத்தில் சின்னதாகக் கீழே தள்ளு என்றார். ரப்பர் வளையம் வாங்க வருகிறவனைப் பின்தொடர்ந்து போய் என்ன செய்யப்போகிறோம் என்று கேட்டேன். எல்லாரும் அப்படித்தான் போடுகிறார்கள் என்றார். போட்டேன். வெளிநாட்டுக்காரர்கள் திருப்பி அனுப்பிவிட்டார்கள். இரண்டு பொத்தானும் ஒரே அளவில், ஒரே நிறத்தில் இருக்க வேண்டுமாம். அதன்பிறகுதான் மேலாளருக்குப் பயம் வந்து, தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் பற்றிய பயிற்சிக்கு என்னை அனுப்பினார். அங்கே நான் எழுதிக்கொண்டு வந்ததில் ஒரு வரி எனக்குப் பிடித்திருந்தது. எதற்கு என்று தெரியாமல் கொடுக்கும் சம்மதம் சம்மதமே ஆகாது.

அதை அன்றைக்கே அம்மாவிடம் சொன்னேன். நானும் அம்மாவும் புக்கிட் பெலிம்பிங்கில் இருந்தோம். அப்பா இல்லை. அம்மா பக்கத்தில், எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்கி, பிள்ளைக் கொட்டகையில் ஆயாவாக இருந்து ஓய்வுபெற்றவள். ஓய்வுக்குப் பிறகு கையில் போன் வந்தது. சமையல், கோயில் திருவிழா, ராசிபலன் என்று போகாத இடமில்லை. எந்தப் பெட்டி குறுக்கே வந்தாலும் பச்சையை அழுத்திவிட்டுத்தான் உள்ளே போவாள்.

"படிச்சுப் பாத்துட்டு அழுத்தும்மா" என்றேன்.

"கல்யாணத்துக்குப் போறோம். வாசல்ல சந்தனம் குங்குமம் வச்ச தட்ட நீட்டுறாங்க. தொட்டு வச்சிக்கிட்டு உள்ள போவியா, இல்ல இந்தச் சந்தனத்த எங்க வாங்கினீங்கன்னு கேட்டுக்கிட்டு நிப்பியா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அம்மா சிரிக்கவில்லை. தட்டை நீட்டுகிறவரிடம் வேண்டாம் என்று கையை ஆட்டினால் அது அந்த வீட்டையே வேண்டாம் என்று சொன்னதாகும். அம்மா வளர்ந்த தோட்டத்து லயக் குடியிருப்பில் அப்படி ஒரு மரியாதைக்கேட்டை யாரும் செய்ததில்லை. போனுக்குள் தட்டை நீட்டுகிறவன் யார் என்பது அவளுக்கு ஒரு கேள்வியாகவே தோன்றவில்லை.

இதே அம்மா ஒரு விஷயத்தில் மட்டும் இரும்புப் பெட்டி. என் நட்சத்திரம். நான் ஆயில்யம். ஆயில்யத்தில் பிறந்த பெண் மாமியாருக்கு ஆகாது என்று எங்கள் ஆட்களிடையே ஒரு பேச்சு உண்டு. என்னைப் பெண் பார்க்க வந்த இரண்டு குடும்பங்கள், பலகாரத்தையும் தேநீரையும் முடித்துவிட்டு, நட்சத்திரத்தைக் கேட்டதும் எழுந்து போய்விட்டார்கள். இரண்டாவது முறை அந்த மாமியார் வாசலில் செருப்பைத் தேடிய வேகம் இருக்கிறதே, அப்பப்பா. அதற்குப் பிறகு அம்மா என் நட்சத்திரத்தை வாயால் சொல்வதையே விட்டாள். கோயிலில் அர்ச்சனைக்கு ஐயர் பெயர் நட்சத்திரம் கேட்டால், "சாமி பேருக்கே பண்ணுங்க" என்று முடித்துவிடுவாள். பின்னால் நிற்பவர் காதில் விழுந்துவிடுமாம். சாமிக்கே சொல்லாமல் வைத்திருந்தாள்.

பிறகு நானே ஒருவரைத் தேர்ந்தெடுத்தேன். ரவாங்கில் குளிர்சாதனப் பெட்டி பழுதுபார்க்கும் கடை வைத்திருப்பவர், சொந்த வீடு கோலா சிலாங்கூர். அவருக்கு ஜாதகத்தில் அக்கறை இல்லை. அவருடைய அம்மாவுக்கு, அதாவது எனக்கு மாமியாராகப் போகிற அத்தைக்கு, எப்படியோ தெரியாது. அத்தை கோலா சிலாங்கூர் கடைத்தெருவில் சின்னத் தையல்கடை வைத்திருந்தார். கணவர் இறந்து பல வருடம். ஒரே மகன். ஆயில்யத்துக்கு இதைவிடப் பொருத்தமான பலியாள் கிடைக்கமாட்டார் என்று நான் வேடிக்கையாகச் சொன்னேன். அம்மா என் தொடையில் கிள்ளினாள்.

முதல்முறை அத்தையின் கடைக்குப் போனபோது, நான் பிறந்த நேரம் குறித்துவைக்கவில்லை என்று பொய் சொல்ல அம்மா வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தாள். அதற்கு அவசியமே வரவில்லை. அத்தை எங்களை உட்கார வைத்து, இரண்டு மைலோ வாங்கிக் கொடுத்துவிட்டு, தானே ஆரம்பித்தார்.

"சம்பந்தி, ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கிறேன். புள்ளையோட நட்சத்திரம் என்னன்னு எங்கிட்டச் சொல்லாதீங்க. நாளைக்கும் சொல்லாதீங்க, என்னிக்குமே சொல்லாதீங்க."

அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்கும்தான்.

"நான் இந்தக் குடும்பத்துக்கு வந்து வருசம் திரும்பல, என் மாமியா போய்ட்டாங்க. என் நட்சத்திரந்தான் தூக்கிட்டுப் போச்சுன்னு சாவு வீட்லயே சொன்னாங்க. அவங்களுக்குச் சக்கர வியாதி, காலு அழுகிப் போச்சு. எல்லாருக்கும் தெரியும். இருந்தாலும் சொன்னாங்க. அதெல்லாம் பொய்யின்னு எனக்குத் தெரியும் ம்மா. ஆனா நான் பயந்தவ. தெரிஞ்சிட்டா, தலவலி வந்தாக்கூட அதையே நெனைப்பேன். இந்தப் புள்ளய அப்படிப் பாக்க எனக்கு இஷ்டமில்ல. தெரியாமலே இருந்துட்டுப் போறேன், விடுங்க."

ஒரு ஆள் தனக்கு எது தெரியக்கூடாது என்று இவ்வளவு தெளிவாகச் சொல்லி நான் கேட்டதில்லை. எனக்கு அவரை அன்றைக்கே பிடித்துப்போனது. வீடு திரும்பும்போது அம்மா காரில் அழுதாள். சந்தோஷத்தில்தான். அத்தையின் போன் எண்ணை அங்கேயே மனப்பாடம் செய்துகொண்டுவிட்டாள். அன்றிலிருந்து தினமும் மாலையில் இரண்டு பேரும் பேசுவார்கள். முழங்கால் வலி, பித்தம், பேருந்து தாமதம், வெங்காய விலை, ஒன்றையும் விடமாட்டார்கள்.

சந்தோஷம் சில வாரங்களில் அம்மாவுக்குப் பயமாக மாறியது. அவ்வளவு நல்ல மனுஷிக்கு ஏதாவது ஆகிவிட்டால்? என்னிடம் கேட்டால் கத்துவேன். கோயிலில் கேட்டால் வெளியே தெரிந்துவிடும். ஆகவே யாருக்கும் தெரியாமல் பரிகாரம் கண்டுபிடிக்க அவள் போனிடம் போனாள். இலவசமாகத் திருமணப் பொருத்தம் பார்த்துச் சொல்லும் ஒரு தளம். பெட்டி வந்தது, பச்சையை அழுத்தினாள். நான் பிறந்த நாள், நேரம், ஊர் எல்லாம் கேட்டது, கொடுத்தாள். மாப்பிள்ளையுடையதும் கேட்டது, கொடுத்தாள். பலன் அனுப்ப இரண்டு வீட்டுப் போன் எண்களும் வேண்டும் என்றது. மனப்பாடமாக இருந்த எண்ணைத் தட்டினாள்.

ஒரு சனிக்கிழமை காலை அத்தையிடமிருந்து எனக்கு அழைப்பு வந்தது. வழக்கமாக முதலில் சாப்பிட்டியா என்று கேட்பார். அன்று கேட்கவில்லை.

"நீ ஆயில்யமா ம்மா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். யார் சொன்னது என்று கேட்டேன். யாரோ ஜோதிட நிலையம் என்று சொல்லிக் குரல்பதிவு அனுப்பியிருக்கிறார்கள். உங்கள் மகனுக்குப் பொருத்தம் பார்த்தோம், பெண் ஆயில்யம், உங்கள் உயிருக்கே கண்டம், நாங்கள் செய்யும் பூஜையால் மட்டுமே தடுக்க முடியும். அத்தை அதை எனக்கு அனுப்பிவைத்தார். பின்னணியில் மணியடிக்கும் சத்தம் வேறு. பாவிகள்.

அம்மா அடுப்படியில் தோசை சுட்டுக்கொண்டிருந்தாள். அடுப்பை நிறுத்திவிட்டுக் கேட்டேன். "யார்கிட்டம்மா சொன்னே?"

"யார்கிட்டயும் சொல்லல. சத்தியமா வாயத் தொறக்கல."

"பின்ன எப்படி அவங்களுக்குத் தெரியும்?"

போனை எடுத்துக்கொண்டு வந்து காட்டினாள். பார்த்ததும் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. நான் போட்ட கத்தலில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

"போன்லதான தட்டுனேன்? போன் வீட்டுக்குள்ளதான இருக்கு?" என்றாள் அம்மா. நடிப்பில்லை. அவளைப் பொறுத்தவரை சொல்வது என்றால் வாயால், ஒரு ஆளிடம், அவர் காதில் விழும்படி சொல்வது. விரலால் கண்ணாடியில் தட்டியது அவள் கணக்கில் சொன்னதே ஆகாது. அந்தத் தளத்தைத் திறந்து பார்த்தேன். சம்மதம் என்று பெரிய பச்சைப் பொத்தான். மறுப்பு சாம்பல் நிறத்தில், எறும்பு எழுத்தில், கீழே. எங்கள் மேலாளரின் ரசனை அப்படியே. அதை நானே ஒருமுறை கையால் செய்தும் இருக்கிறேன். அதனால் அம்மாவை அதற்குமேல் திட்ட எனக்கு வாய் வரவில்லை. அவள் அன்று முழுக்கச் சாப்பிடவில்லை.

அன்றைக்கே அந்தத் தளத்துக்கு எழுதினேன். மலாயிலும் ஆங்கிலத்திலும், பயிற்சியில் கற்ற அத்தனை வார்த்தைகளையும் போட்டு. சம்மதத்தைத் திரும்பப் பெறுகிறோம், எங்கள் நால்வரின் விவரங்களையும் அழியுங்கள், யார் யாருக்குக் கொடுத்தீர்கள் என்று சொல்லுங்கள். அந்தத் தளம் எந்த நாட்டில் இருக்கிறதென்றே தெரியவில்லை. நம் நாட்டுச் சட்டம் அதுவரை கை நீட்டுமா என்பதும் தெரியவில்லை. பதில் வரும்வரை விடாமல் எழுதினேன். கடைசியில் இரண்டு வரி வந்தது. உங்கள் கோரிக்கை நிறைவேற்றப்பட்டது, விவரங்கள் நீக்கப்பட்டன. யாருக்குக் கொடுத்தார்கள் என்பதற்குப் பதில் இல்லை. இருந்தாலும் எனக்கு ஒரு வெற்றி மாதிரி இருந்தது. போனைத் தூக்கிக்கொண்டு அத்தையின் கடைக்கு ஓடினேன்.

அத்தை ஒரு மலாய்ப் பெண்ணின் பாஜு கூரோங் உடைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தார். நான் காட்டியதைக் கண்ணாடி போட்டுப் படித்தார்.

"அவங்ககிட்டேருந்து அழிச்சாச்சு. சரி ம்மா" என்றார். இன்னும் கொஞ்சம் தைத்தார். "எங்கிட்டேருந்து?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்தப் பயிற்சியில் இதற்குப் பதில் சொல்லித்தரவில்லை. தெரிய வேண்டாம் என்று ஒருவர் கையெடுத்துக் கேட்டுக்கொண்ட ஒன்றே ஒன்று. அதைக் கொண்டுபோய் அவர் காதில் ஊற்றிவிட்டார்கள். எந்தச் சட்டத்தைக் காட்டி அதை வெளியே எடுப்பது?

"அத்தே, நீங்க வேண்டாம்னு சொன்னா நான் கோவிச்சுக்க மாட்டேன். நெசமாத்தான்" என்றேன். அது பொய். உயிருள்ளவரை கோபித்துக்கொண்டுதான் இருப்பேன். ஆனால் வேண்டாம் என்று சொல்ல அவருக்கு ஒரு இடம் கொடுத்தே ஆகவேண்டும் என்று பட்டது.

"வேண்டாம்னு யார் சொன்னா? அன்னிக்கு என்னயச் சொன்னவங்க ஜெயிக்கறதுக்கா?" என்றார். பிறகு தையல் இயந்திரத்தை நிறுத்திவிட்டு, "பயமாத்தான் இருக்கு ம்மா. அதுக்கு என்ன பண்றது. பயத்தோட இருப்போம் லா" என்றார்.

கல்யாணம் நடந்தது. வாசலில் சந்தனத் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றது அம்மாதான். யாரைப் பார்த்தாலும் கண் கலங்கினாள். நான் கோலா சிலாங்கூர் வீட்டுக்கு வந்தேன். காலையில் இருட்டோடு கிளம்பி, செம்பனை லோரிகளுக்குப் பின்னால் ஒரு மணி நேரத்துக்கு மேல் காரோட்டி வேலைக்குப் போனேன். முதல் வெள்ளிக்கிழமை அத்தை என்னைக் கோயிலுக்குக் கூட்டிப்போனார். ஐயர் பெயர் நட்சத்திரம் என்று கேட்டுத் தட்டை வாங்கினார். நான் வாயைத் திறக்கும் முன்னாலேயே அத்தை, "சாமி பேருக்கே பண்ணுங்க" என்றார். அம்மா சொல்வது போலவே. எனக்குச் சுருக்கென்றது. விபூதி வாங்கிக்கொண்டேன்.

அதிலிருந்து கவனித்தேன். அத்தை தன் உடம்பைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசுவதில்லை. முழங்கால், பித்தம் எல்லாம் எங்கேயோ போய்விட்டன. காலையில் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டால், கேள்வி முடிவதற்குள் "நல்லாருக்கேன்" என்று வரும். படித்துப் பார்க்காமல் பச்சையை அழுத்துகிற வேகம். அம்மாகூட ஒருநாள் போனில் கேட்டாள்: "உன் மாமியா இப்பல்லாம் வலி கிலின்னு எதையும் சொல்றதே இல்லியே. நல்லாத்தான் இருக்காங்களா, எம்மேல கோவமா?" இரண்டும் இல்லை என்று எனக்குத் தோன்றியது. மூன்றாவது ஒன்று இருக்கிறது, அது என்னைப் பற்றியது. அதைக் கேட்க எனக்குத் துணிச்சல் வரவில்லை.

ஒரு சனிக்கிழமை பகலில் கடைக்குச் சாப்பாடு கொண்டுபோனேன். அத்தை இயந்திர மேசையின் இரண்டு பக்கத்தையும் கையால் இறுகப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். முகமெல்லாம் வேர்வை. காற்றாடி அவருக்கு நேராகச் சுற்றிக்கொண்டிருந்தது.

"என்ன அத்தே பண்ணுது?"

"ஒண்ணுமில்ல. வெயிலு."

கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு அவர் எதிரில் தரையிலேயே உட்கார்ந்தேன். சொல்லாமல் நகரமாட்டேன் என்றேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம், அதற்குக் கீழே வெறும் பயம்.

"மயக்கமா வருது" என்றார் கடைசியில். "சொன்னா என்ன ஆகும்? எல்லாரும் உன்ன ஒரு பார்வ பாப்பாங்க. உங்கம்மா அந்தப் போன நெனச்சு நெனச்சு அழுவாங்க. நீயும் ஒன்னையே நொந்துக்குவே. என்னய ஒரு காலத்துல பாத்தாங்களே, அந்த மாதிரி ஒரு ஆளு ஒன்னயப் பாக்கக் கூடாது. அதான் சொல்லல. வாய மூடிக்கிட்டாப் போச்சு."

தெரியாமலே இருந்துவிடுகிறேன் என்று முன்பு தன்னைக் காத்துக்கொண்டவர், இப்போது என்னைக் காப்பதற்காக மற்றவர்களுக்குத் தெரியாமல் வைத்துக்கொண்டிருந்தார். மயங்கி விழுந்து போயிருந்தால் அதுவும் ஆயில்யக் கணக்கில்தான் ஏறியிருக்கும். அதை நான் அப்படியே சொல்லித் திட்டினேன். அத்தை தலையைக் குனிந்துகொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு செருப்பைப் போட்டுக்கொண்டார்.

திறந்திருந்த கிளினிக்குக்குப் போனோம். கூட்டம். எங்கள் முறை வந்ததும் உள்ளே போனோம். டாக்டர் இளவயது மலாய்ப் பெண். கணினியைப் பார்த்தபடி என்ன செய்கிறது என்று கேட்டார். அத்தை என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் அவருக்கு என் முன்னால் பேச முடியவில்லை என்பது தெரிந்தது. நான் எழுந்துகொண்டேன்.

"அத்தே, நான் வெளிய இருக்கட்டுமா, உள்ள இருக்கட்டுமா? எதச் சொன்னாலும் சரிதான்."

இரண்டையும் ஒரே குரலில்தான் சொன்னேன். ஒன்றைப் பெரிதாகவும் ஒன்றைச் சின்னதாகவும் சொல்லவில்லை. அத்தை அவசரப்படவில்லை. வாசலைப் பார்த்தார், டாக்டரைப் பார்த்தார், பிறகு என் மணிக்கட்டைப் பிடித்து நாற்காலிக்கு இழுத்தார்.

"மெனந்து சாயா" என்றார் டாக்டரிடம். என் மருமகள். "செமுவா போலே சாக்காப் டெப்பான் டியா." எல்லாத்தையும் அவள் முன்னால் பேசலாம்.

நான் உட்கார்ந்தேன். டாக்டர் தலையாட்டிவிட்டு, அத்தையின் கையில் பட்டையைச் சுற்றி இரத்த அழுத்தம் பார்த்தார். அதிகமாக இருந்தது. அழுத்தத்துக்கு ஏற்கெனவே மாத்திரை உண்டா, ஒழுங்காகப் போடுகிறீர்களா என்றதற்கு, உண்டு, பாதிப் பாதியாகப் போடுகிறேன் என்று அத்தை ஒப்புக்கொண்டார். மயக்கம் எப்போதிலிருந்து வருகிறது என்று டாக்டர் கேட்டார்.

அத்தை என் மணிக்கட்டை இன்னும் விடவில்லை.

"லாமா சுடா, டாக்டர். செபெலும் டியா டாத்தாங்." ரொம்ப நாளாகிவிட்டது, இவள் வருவதற்கு முன்பிருந்தே.

அது உண்மையா, எனக்காகச் சொன்னாரா என்று தெரியாது. நான் கேட்கவில்லை, இனிமேலும் கேட்கப்போவதில்லை. டாக்டர் அவர் சொன்னதை அப்படியே தட்டிக்கொண்டார். அந்தக் கணினியில் இப்போது அப்படித்தான் பதிவாகியிருக்கிறது: மயக்கம், நெடுநாளாக, மருமகள் வருவதற்கு முன்பிருந்தே.